புதுப்பட்டை

பால்மரத்தின் பட்டையை எவ்வளவு சீவலாம் என்பதை அம்மா தன் கட்டைவிரல் நகத்தைக் காட்டித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வெட்டுக்கு நகத்தின் கனம்தான். பால் அதிகம் ஓடுவது மரத்தை ஒட்டிய உள்பட்டையில். ஆகவே கத்தி மரத்துக்குக் கிட்டே போகவும் வேண்டும், அதைத் தொட்டுவிடவும் கூடாது. தொட்டால் காயம். மேற்பார்வை பார்க்கும் மண்டோர், வெட்டுக்கு ஒதுக்கிய மரவரிசையான நெரைக்குள் வந்து மரம் மரமாகக் காயத்தை எண்ணுவார்.

வெட்டிய இடத்தில் பட்டை மறுபடியும் வளரும். ஆறேழு வருடம் போனால் அதே பக்கத்தில் திரும்பவும் வெட்டலாம். காயம் படாத இடத்தில் புதுப்பட்டை வழவழவென்று வந்திருக்கும். காயம் பட்ட இடத்திலோ முண்டும் முடிச்சுமாக நிற்கும், கத்தி சீராக ஓடாது. அம்மா மரத்தை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள். "இத வெட்டுனவன் கையி அவசரக்கையி" என்பாள். தனக்கு முன்னால் அந்த நெரையில் நின்றவர் முகத்தைக்கூட அவள் பார்த்திருக்க மாட்டாள்.

நாங்கள் வளர்ந்தது மலேசியாவின் நெகிரி செம்பிலானில், ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அக்காவுக்கும் எனக்கும் ஐந்து வயது வித்தியாசம். 1976-இல், அவளுக்குப் பத்தொன்பது வயதாகித் தனி நெரை கிடைத்த வருடத்தில், மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது.

முதலில் யாரும் பயப்படவில்லை. மழைக்காலம் முடிந்தால் லயத்தில் நாலு வீட்டுக்காவது வயிற்றுக்கடுப்பு வரும். சளியும் ரத்தமுமாகப் போகும், வயிற்றை முறுக்கும், ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அக்காவுக்கு அடங்கவில்லை. "பொம்பளப் புள்ள வெயில்ல நிக்கிது, ஒடம்புச் சூடு" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னாள். அம்மா மாதுளை ஓட்டை மோரில் அரைத்துக் கொடுத்தாள். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. மூன்று வாரம் கழித்துத் திரும்ப வந்தது. வந்து போவதும் வந்து போவதுமாகவே இருக்கும் இந்த நோயின் இயல்பு அன்று எங்களுக்குத் தெரியாது. குறையும்போதெல்லாம் அம்மா மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தாள். திரும்பும்போதெல்லாம் தான் எங்கே தவறினோம் என்று யோசித்தாள்.

தோட்டத்து டிரஸ்ஸர் நல்ல மனிதர். கையிலிருந்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்தார். சுண்ணாம்பைக் கரைத்ததுபோல் இருக்கும் கேயோலின், பிறகு சல்பா மாத்திரை, பிறகு ஃபிளாஜில். ஃபிளாஜில் சாப்பிட்ட நாட்களில் அக்காவுக்கு நாக்கில் காசை வைத்ததுபோல் கசந்துகொண்டே இருக்கும். மலத்தைச் சின்னப் புட்டியில் அடைத்து, காலைப் பேருந்தில் டவுனுக்கு அனுப்பினார்கள். அமீபா இருக்கிறது என்று முடிவு வந்தது. அந்த ஒரு சொல் எங்கள் வீட்டில் எட்டு வருடம் குடியிருந்தது.

பிற்காலத்தில் ஆய்வகத்தில் வேலை கற்றுக்கொண்டபோதுதான் அந்தச் சொல் எப்படி வந்திருக்கும் என்று புரிந்தது. உயிருள்ள அமீபாவைப் பார்க்க வேண்டுமானால் மலம் சூடாக இருக்கும்போதே, அரை மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். பேருந்தில் மூன்று மணி நேரம் குலுங்கி வந்த புட்டியில் அது அசையாது. அதே மலத்தில் குடல் புண்ணிலிருந்து உதிர்ந்த பெரிய வெள்ளணுக்கள் கிடக்கும். சிவப்பணுக்களை விழுங்கிய வெள்ளணு, பார்வைக்கு அமீபாவைப் போலவே இருக்கும். தேர்ந்த கண்களையே அது ஏமாற்றும். டவுனில் பார்த்தவர் அதைத்தான் பார்த்தாரா, அக்காவுக்கு உண்மையிலேயே அமீபாவும் இருந்ததா, இன்று யாரும் சொல்ல முடியாது. எட்டு வருடம் ஒரே பதிலை வைத்துக்கொண்டிருந்ததைத்தான் என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கக்கூஸ் லயத்துக்குப் பின்னால், வாய்க்கால் ஓரம் வரிசையாக இருந்தது. இருபது குடும்பத்துக்கு ஆறு. இரவில் அக்கா என் தோளைத் தொடுவாள். பேச மாட்டாள். நான் எழுந்து டார்ச்சை எடுத்துக்கொள்வேன். சில இரவுகளில் ஐந்து தடவை. உள்ளே அவள் உட்கார்ந்திருக்க, நான் வெளியே நின்று கதவின் தகரத்தில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பேன், நான் போய்விடவில்லை என்று அவளுக்குத் தெரிவதற்காக. விடிகாலை ஐந்து மணிக்குப் பெரட்டு, ஆள்கணக்கு எடுப்பார்கள். அதற்கும் எழுந்து தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். நெரையில் பாதி மரம் வெட்டியிருக்கும்போது வயிறு இழுக்கும். அடக்க முடியாது, ஒரு நிமிடம்கூடத் தாங்காது. அட்டையும் கொசுவும் மொய்க்கும் புதருக்குள் ஓடுவாள். மண்டோர் ஆண். அவரிடம் என்ன சொல்வது? "வேல பிடிக்கல போல" என்று தோட்டக் கணக்குப் பார்க்கும் கிராணியார் அப்பாவிடம் சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்து அக்காவைத் திட்டினார். இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். இரண்டும் நின்றுபோயின. அதைப் பற்றி அவள் இன்றுவரை பேசியதில்லை. நானும் இங்கே அதற்கு மேல் எழுதப் போவதில்லை.

1984-இல் பால் கொட்டகையில் வாளியோடு மயங்கி விழுந்தாள். உதடு வெளுத்துக் காகிதம்போல் இருந்தது. கோலாலம்பூரில் இருந்த மாமா, யாரையும் கேட்காமல் காரில் ஏற்றி மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே ரத்தம் ஏற்றினார்கள். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மலக்குடலிலிருந்து தொடங்கி மேலே பெருங்குடல் நெடுக, ஒரு இடம்கூட விடாமல் சிவந்து, தொட்டால் ரத்தம் கசிந்தது. அரிசி அளவில் சில துண்டுகளை எடுத்து ஃபார்மலின் புட்டியில் போட்டார்கள். பத்து நாளில் பெயர் தெரிந்தது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடல் புண் அழற்சி.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மருத்துவ ஆய்வகப் பயிற்சியில் இருந்தேன். அந்தப் புட்டிக்காகத்தான் நான் திசுப் பிரிவைக் கேட்டு வாங்கினேன் என்று சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு. ஆனால் அதுதான் உண்மை.

திசு வேலை கைவேலை. துண்டில் இருக்கும் நீரை எடுத்து, மெழுகை ஏற்றி, கட்டியாக உறையவைத்து, மைக்ரோடோம் கத்தியில் சீவ வேண்டும். மூன்று மைக்ரான், நான்கு மைக்ரான். தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு இருக்கும். கத்தி ஒரு பாகை சாய்ந்தாலும் துண்டு கிழிந்துவிடும். சரியாக வந்தால் நாடாபோல் ஒன்றோடொன்று ஒட்டி வரும், அதை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடித் தகட்டில் ஏந்த வேண்டும். "உனக்குக் கை எங்கேயோ பழகியிருக்கு" என்று எங்கள் மூத்த தொழில்நுட்பர், சீன மாது ஒருவர், முதல் மாதமே சொன்னார். எங்கே பழகியது என்று நான் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன், அது அம்மாவின் கை.

நல்ல பெருங்குடலின் துண்டை நிறமேற்றிப் பார்த்தால், ரப்பர் தோட்டத்தைச் சாலையிலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும். சுரப்பிக் குழிகள் ஒன்றையொன்று தொடாமல், கிளைக்காமல், நெரை பிடித்து நட்ட மரங்களாக நேராக நிற்கும். எல்லாவற்றின் அடியும் கீழேயுள்ள மெல்லிய தசைக்கோட்டைத் தொடும். ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் சளியைச் சுமந்த கோப்பை அணுக்கள், பால் நிறைந்த மங்குகளைப்போல வரிசையாக இருக்கும்.

வயிற்றுக்கடுப்புக் கிருமி வந்தால் அங்கே கலவரம் நடக்கும். வெள்ளணுக்கள் குழிக்குள் பாயும், ரத்தம் கசியும். ஆனால் நெரை கலையாது. கிருமி போனால் இடம் பழையபடி ஆகிவிடும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸிலும் கலவரம் உண்டு. குழிக்குள் சீழ் கட்டும், மங்குகள் காலியாகும். அது அடங்கும்போது வளர்கிற புதுப் படலம் மட்டும் பழைய ஒழுங்குக்குத் திரும்புவதில்லை. குழிகள் குட்டையாகின்றன, இரண்டாகக் கிளைக்கின்றன, ஒன்று சாய்ந்து இன்னொன்றின் மேல் விழுகிறது. சில அடிவரை எட்டாமல் அந்தரத்தில் நிற்கின்றன, அவற்றுக்கு அடியில் பிளாஸ்மா அணுக்கள் திட்டாகக் கூடுகின்றன. இந்தக் கோணல் ஒரு வாரத்தில் வருவதில்லை. நோயியல் மருத்துவர் முதலில் தேடுவது இதைத்தான். இது புதிதாக வந்த காயமா, பலமுறை ஆறி ஆறித் திரும்ப வந்ததா? கோணலைப் பார்த்த பிறகும் அவர் அமீபாவைத் தேடிவிட்டுத்தான் எழுதுவார். அமீபாவை வைத்துக்கொண்டு ஸ்டீராய்டு கொடுத்தால் குடல் ஓட்டையாகிவிடலாம், உயிரும் போகலாம்.

1989-இல் அக்காவின் பழைய தகட்டைப் பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. எனக்குப் பாடம் சொன்ன நோயியல் மருத்துவர் அதை வரவழைத்தார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய நுண்ணோக்கி அது. பரிசோதனைக்காக அக்காவோடு அம்மாவும் வந்திருந்தாள். அக்கா உள்ளே வர மறுத்துவிட்டாள். அம்மா வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுக் குனிந்தாள். மருத்துவர் முதலில் நல்ல குடலைக் காட்டினார். பிறகு அக்காவினுடையதை வைத்தார். அம்மா வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. மருத்துவர் மலாயில் ஏதோ விளக்க ஆரம்பித்தார். அம்மா என்னிடம் கேட்டாள்.

"காயம் பட்டு எத்தன வருசம்னு கேளு."

வருடக்கணக்கு இதில் தெரியாது, மாதக்கணக்கை எப்போதோ தாண்டிவிட்டது என்றார் மருத்துவர். அம்மா தலையை ஆட்டினாள். வெளியே வந்து, வராந்தாவில் உட்கார்ந்திருந்த அக்காவின் முதுகை, மரத்தைத் தடவுவதுபோல் உள்ளங்கையால் தடவிக்கொண்டே நின்றாள்.

அக்காவுக்குச் சலாசோபைரினும் பிரெட்னிசோலோனும் கொடுத்தார்கள். கார்ட்டிசோன் இந்த நோயைப் பணியவைக்கும் என்று ஆக்ஸ்ஃபர்டில் ட்ரூலவும் விட்ஸும் 1955-இலேயே காட்டியிருந்தார்கள். சலாசோபைரின் அதற்கும் மூத்தது. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்துக்காக, சல்பா மருந்தையும் ஆஸ்பிரின் குடும்பத்துச் சாலிசிலேட்டையும் இணைத்து உருவாக்கவைத்தார். அதில் குடலை ஆற்றுவது சாலிசிலேட் பாதிதான், சல்பா பாதி வெறும் வண்டி என்று 1977-இல் ஆசாத் கானும் ட்ரூலவும் கண்டார்கள். எங்கள் டிரஸ்ஸரின் அலமாரியில் சல்பா இருந்தது. மற்றப் பாதி இல்லை. இதைப் படித்த நாளில் நான் சாப்பிடவில்லை.

சிலர் இந்த நோயையும் குரோன் நோயையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் நடத்தை வேறு. அக்காவுக்கு வந்தது உள்படலத்தோடு நிற்கும். கத்தி பட்டையிலேயே ஓடுவதுபோல. நியூயார்க்கில் பரில் குரோனும் அவருடைய இரு தோழர்களும் 1932-இல் எழுதிய நோயோ பட்டையைத் தாண்டி மரத்துக்குள் இறங்கும். குடல்சுவரின் முழுக் கனத்தையும் பிளக்கும். இங்கொரு இடம் அங்கொரு இடமாக, நடுவில் நல்ல குடலை விட்டுவிட்டுத் தாக்கும். நுண்ணோக்கியில் சிறு சிறு அணுத்திரளைகள் தெரியும். நம் நாட்டில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது, காசநோயும் குடலில் அதே மாதிரித் திரளைகளைக் கட்டும். காசநோயின் திரளைகள் பெரியவை, ஒன்றோடொன்று சேர்பவை, நடுவில் பாலாடைக்கட்டிபோல் அழுகியவை என்று பாடம் சொல்லும். கைக்கு வரும் அரிசித் துண்டில் பாடம் சொன்னதெல்லாம் இருக்காது. பகாவ் பக்கத்திலிருந்து வந்த ஒரு இளைஞனின் துண்டுக்கு நான் காசநோய்க் கிருமிச் சாயத்தை ஏழு தகடுகளில் ஏற்றினேன். சிவப்புக் குச்சி ஒன்றுகூடத் தெரியவில்லை. ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுத்துப் பார்த்து, குணமாகாத பிறகே குரோன் என்றார்கள். கோபப்பட இடமில்லை. காசநோயாளிக்குக் குரோன் மருந்து கொடுத்திருந்தால் காசநோய் உடம்பெல்லாம் பரவியிருக்கும்.

வேலையில் சேர்ந்து சில வருடத்திலேயே ஒன்று கண்ணில் பட்டது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று வரும் படிவங்களில் தமிழ்ப் பெயர்கள் அதிகம். இந்த நாட்டில் நாம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. என் கண்ணின் பாரபட்சம் என்று நினைத்தேன். பின்னர், 2005-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோ கியன் லீயும் சக மருத்துவரும் எழுதிய கட்டுரை கைக்கு வந்தது. ஒரு லட்சம் மருத்துவமனைச் சேர்க்கைகளில் இந்த நோய் இந்தியரிடம் 17.9, சீனரிடம் 11.2, மலாய்க்காரரிடம் 3.7. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் பிற்காலத்தில் எடுத்த கணக்கிலும் இந்தியர்தான் முன்னால். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் குடியேறிய தெற்காசியரிடம் ஐரோப்பியரைவிட இரண்டு மடங்கு இந்த நோய் இருப்பதை 1992-இலேயே கண்டிருந்தார்கள்.

ஏன் நமக்கு? ரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். மரபணுவுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நெகிரி செம்பிலானில் பிறந்த எனக்கு அந்தப் பதில் போதவில்லை, காரணம் இந்த மண்ணிலேயே நடந்த ஒரு சம்பவம். நூறு வருடத்துக்கு முன் மலாயாவில் பெரிபெரி சீனத் தொழிலாளர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. தமிழர்களை அனேகமாகத் தொடவில்லை. இனத்தின் வேறுபாடு என்று சொல்ல ஆளிருந்தார்கள். சிரம்பானில் அரசாங்க மருத்துவராக இருந்த லியனார்ட் பிராடன் இரு இனத்தவரின் தட்டையும் பார்த்தார். சீனர் சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் சாப்பிட்டது புழுங்கல். 1907-இல் அவர் புத்தகம் எழுதினார். அதே காலத்தில் ஜெலுபு மாவட்டத்து டூரியான் திப்புஸில், சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியரை இரு பிரிவாக்கி ஃப்ரேசரும் ஸ்டான்டனும் சோதித்தார்கள். தீட்டிய அரிசிக்காரருக்கு நோய் வந்தது, புழுங்கலரிசிக்காரருக்கு வரவில்லை. இனம் என்று எண்ணியிருந்தது கடைசியில் சோற்றுப்பானையாக இருந்தது.

பெருங்குடல் புண்ணுக்கு அப்படி ஒரு பானை இன்னும் கிடைக்கவில்லை. ஒன்றாக இருக்காது என்பதே என் எண்ணம். குடலுக்குள் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகளிடம் நம் உடம்பின் காவல் படை தாங்க முடியாத கோபம் கொள்கிறது, அதுவரை தெரிகிறது. கோபம் ஏன் மூள்கிறது? வெறுங்காலோடு திரிந்த தலைமுறைக்குக் கொக்கிப்புழு இருந்தது, சாட்டைப்புழு இருந்தது. ஆயாக் கொட்டகையில் எங்களை வரிசையாக நிறுத்திப் புழு மருந்து புகட்டியது எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் புழுக்கள் காவல் படையைச் சாந்தப்படுத்தி வைத்திருந்தன என்று சொல்கிறவர்கள் உண்டு. 2016-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வுக்கு நம் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி கிராமத்து மக்களின் மலமாதிரிகளும் உதவின. புழு இருந்தவர் குடலில் அழற்சியோடு தொடர்புள்ள சில பாக்டீரியாக்கள் குறைவாக இருந்தன, புழு மருந்து கொடுத்ததும் நுண்ணுயிரிகளின் கலவை மாறியது. ஆனால் பன்றியின் சாட்டைப்புழு முட்டையைக் குரோன் நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகள் தோற்றன. புழு மருந்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சி வெளுத்துப்போன பெண்கள் பிரசவத்தில் செத்ததை அம்மா பார்த்திருக்கிறாள்.

இருபது வருடம் எரிந்த குடலில் வேறொரு ஆபத்து வரும். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பேசில் மார்சன், பாங் என்ற சக மருத்துவரோடு 1967-இல் எழுதியது அது. கோணலாக வளர்ந்த குழிகளின் அணுக்களே கடைசியில் குணம் மாறிப் புற்றுநோயின் வாசலுக்கு வந்து நிற்கும், அந்த நிலையைத் துண்டில் முன்கூட்டியே பார்க்கலாம் என்றார்கள். 1996-இல் அக்காவின் துண்டில் அது தெரிந்தது. பெருங்குடல் முழுவதையும் எடுத்தார்கள். சிறுகுடலின் முனையை வயிற்றின் வலப்பக்கத்தில் வெளியே கொண்டுவந்து தைத்து, பை மாட்டினார்கள்.

அந்தப் பையை அவள் ஏற்றுக்கொள்வாளோ மாட்டாளோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு ஒருநாள் விடிந்ததும் என்னை எழுப்பினாள்.

"ஏய், நேத்து ராத்திரி முழுக்கத் தூங்கிட்டேன்டி."

அவளுக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. பத்தொன்பதிலிருந்து அவள் ஒரு இரவுகூட முழுதாகத் தூங்கியதில்லை. இன்றைய பைகள் மெல்லிய பிளாஸ்டிக். 1940-களில் சிகாகோவில் செய்த பைகள் ரப்பர், தோலில் ஒட்டியது ரப்பர் பாலில் செய்த பசை. இதை அம்மாவிடம் சொன்னேன். "நம்ம பாலா இருக்குமோ?" என்று கேட்டாள். இருந்திருக்கலாம் என்றேன்.

அம்மா போய்விட்டாள். தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அதிலும் பாதி வீடமைப்பாகிவிட்டது. போன தைப்பூசத்துக்கு மறுநாள் அக்காவைக் காரில் அழைத்துப்போனேன். கோயில் மட்டும் இருந்தது, புதிதாக வண்ணம் அடித்து. லயம் இருந்த இடத்தில் செம்பனை ஓலை இருட்டாகக் கவிந்திருந்தது. அக்கா ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, புல்லுக்குள் காலால் துழாவி எங்கள் வீட்டு வாசற்படிச் சிமெண்டைக் கண்டுபிடித்தாள். அதன் மேல் ஏறி நின்றாள். பிறகு வாய்க்கால் பக்கம் திரும்பி, உதடு அசைய எண்ணிக்கொண்டே நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். அறுபத்திரண்டில் நின்றாள். அங்கே ஒன்றுமில்லை, ஈர மண்ணும் உதிர்ந்த செம்பனைப் பழங்களும்தான்.

"அறுபத்திரண்டு எட்டு" என்றாள். "எண்ணிக்கிட்டேதான் வருவேன். அறுபத்திரண்டு வரைக்கும் அடக்கிட்டா போதும்னு."

அத்தனை வருடம் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தவள் நான். அவள் எண்ணிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியாது.